எடுக்காமல் நின்ற 1,950 டிரம்: ஒரு மாங்கூழ் ஒப்பந்தத்தின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் சீசன் பத்து, பன்னிரண்டு வாரம்தான். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெங்களூரா ரகம் டிராக்டரிலும் லாரியிலும் வந்து ஃபாக்டரி வாசல்களில் வரிசை கட்டும். தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் சொல்வது இந்தப் பழத்தைத்தான். ஒரு டன் கூழுக்கு ஏறத்தாழ இரண்டு டன் பழம் போகும். வருடம் முழுக்க விற்க வேண்டிய சரக்கை இந்தச் சில வாரங்களில் வாங்கி, பழுக்க வைத்து, கூழாக்கி, அசெப்டிக் (கிருமி நீக்கிய) பையில் நிரப்பி டிரம்மில் அடைத்தாக வேண்டும். பழத்துக்குப் பணம் இப்போதே போகும். கூழுக்குப் பணம் ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்துத்தான் வரும். அந்த இடைவெளி முழுவதையும் தாங்கி நிற்பது ஒப்பந்தம்.

அப்படி ஒரு ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆய்வு. இதில் வரும் ஃபாக்டரிக்கும் கூழ் வாங்கிய நிறுவனத்துக்கும் பெயர் சொல்லப்போவதில்லை. இந்த வட்டாரத்தில் ஒரே மாதிரி நடக்கும் சங்கதிகளை ஒன்றாகச் சேர்த்து, யாரென்று தெரியாதபடி எழுதியிருக்கிறேன். தொகைகளையும் கணக்குப் போட வசதியாகச் சுற்றியிருக்கிறேன்.

பேப்பரில் இருந்தது

ஃபாக்டரி குடும்பத் தொழில். அப்பா ஆரம்பித்தது, இப்போது மகன் பார்க்கிறார். உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு பெற்ற சிறு நிறுவனம். வாங்கியது வெளி மாநிலத்தில் பழச்சாறு பானம் அடைக்கும் ஒரு நிறுவனம். 800 டன் கூழ், கிலோ 58 ரூபாய், 20 சதவீதம் அட்வான்ஸ். டிரம்முக்கு 215 கிலோ வீதம் கிட்டத்தட்ட 3,700 டிரம். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை மாதாமாதம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஜனவரி 31 கடைசி நாள். அதற்குப் பிறகும் கிடந்தால் டிரம்முக்கு மாதம் 40 ரூபாய் கிடங்கு வாடகை. இன்வாய்ஸ் போட்ட 30 நாளில் பணம், அட்வான்ஸை அந்தந்த இன்வாய்ஸில் விகிதப்படி கழித்துக்கொள்வது. தரத்தில் குறை இருந்தால் சரக்கு போய்ச் சேர்ந்த 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு மாதிரியை ஃபாக்டரி 12 மாதம் எடுத்து வைக்க வேண்டும். எந்த மாற்றமும் இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும். தகராறு வந்தால் வாங்குபவரின் ஊரில் மத்தியஸ்தம்.

கடைசி ஒன்றை விட்டால் இது நல்ல ஒப்பந்தம். இதை முதலிலேயே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு வியாபாரம் கெட்டுப்போனால் "சரியா அக்ரிமென்ட் போடல" என்று முடித்துவிடுகிறோம். இங்கே அக்ரிமென்ட் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். கையெழுத்தான அன்றே அது அப்பாவின் மேசை டிராயருக்குள் போனது. "பேப்பரை எடுத்து வெச்சு என்னப்பா பண்ணப் போறோம், மனுஷன் நல்ல மனுஷன்" என்றார் அப்பா. அந்த நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரைத்தான் சொன்னார். அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. டிசம்பரில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நடந்தது

ஆகஸ்ட் லோடு சரியாகப் போனது. செப்டம்பர் முதல் வாரத்தில் மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: இந்த மாத லோடை நிறுத்தி வையுங்கள், அக்டோபரில் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். மகன் "சரி சார்" என்று பதில் போட்டார். அக்டோபரில் பாதிதான் எடுத்தார்கள். நவம்பரில் மறுபடி ஒரு செய்தி, மறுபடி ஒரு "சரி சார்". ஜனவரி 31 அன்று கணக்குப் பார்த்தால் 380 டன் போயிருந்தது. 420 டன், அதாவது 1,950 டிரம்முக்கு மேல், ஷெட்டில் நின்றது.

அன்று ஃபாக்டரியிலிருந்து ஒரு கடிதமும் போகவில்லை. கெடு முடிந்த தேதி யாருக்கும் நினைவில்லை. கணக்காளர் இன்வாய்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், மகன் அடுத்த சீசனுக்கு எந்திரப் பராமரிப்பில் இருந்தார், ஒப்பந்தம் டிராயரில் இருந்தது.

பிப்ரவரியில் புது மேலாளர் பொறுப்பேற்றார். மார்ச் முதல் வாரத்தில் அவரிடமிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஜனவரி இரண்டாம் வாரம் வந்த 60 டன் கூழில் நிறம் சரியில்லை, அதற்குப் பணம் தர மாட்டோம் என்பது ஒன்று. சந்தையில் கூழ் விலை இறங்கிவிட்டது, மீதி 420 டன்னைக் கிலோ 50 ரூபாய்க்குத்தான் எடுப்போம் என்பது மற்றொன்று.

ஏப்ரல் பிறந்துவிட்டால் கூழ் ஃபாக்டரிக்காரர் நிலை என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பழம் வாங்கப் பணம் வேண்டும், புது டிரம் அடுக்க இடம் வேண்டும். பழைய சரக்கு என்று வங்கி இருப்பின் மதிப்பைக் குறைத்துப் போட்டதில் டிராயிங் பவர், அதாவது இருப்பைக் காட்டி வங்கியில் எடுக்கக்கூடிய கடன் அளவு, சுருங்கியது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் இது தெரியும். ஒப்பந்தப் பேச்சில் மே மாதம் நெருங்க நெருங்க விற்பவரின் கை இறங்கிக்கொண்டே போகும்.

"சரி சார்" என்ற இரண்டு சொல்

இந்த விவகாரத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது அந்த வாட்ஸ்அப் பதில்களில்தான்.

சட்டம் இந்த விஷயத்தில் விற்பவருக்கு எதிராக இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 44-ஆம் பிரிவு, விற்பவர் சரக்கைத் தரத் தயாராக இருந்து, எடுத்துக்கொள்ளுமாறு கேட்டும், நியாயமான காலத்துக்குள் வாங்குபவர் எடுக்காவிட்டால், அதனால் வரும் நஷ்டத்துக்கும் சரக்கைப் பார்த்துக்கொண்ட செலவுக்கும் அவர்தான் பொறுப்பு என்கிறது. இதில் "கேட்டும்" என்பதுதான் முக்கியம். கேட்டதற்கு ஆதாரம் வேண்டும். இவர்களிடம் ஐந்து மாதத்தில் கேட்டதாக ஒரு வரி கூட இல்லை. ஃபோனில் பல முறை கேட்டிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் ஃபோனில் கேட்டவரும் பதில் சொன்னவரும் மட்டுமே அதற்குச் சாட்சி, அதில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எழுத்தில் இருந்ததோ "சரி சார்". 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, ஒருவர் தனக்கு வர வேண்டியதற்கான காலத்தைத் தானே நீட்டித்துக் கொடுக்கலாம். அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. காலக்கெடு முக்கியமான ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு கெடு தவறிச் செய்ததை ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே "நஷ்ட ஈடு கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. வாங்கியவரின் வக்கீல் இந்த இரண்டையும்தான் பிடித்துக்கொண்டார். மாற்றங்கள் கையெழுத்துடன்தான் செல்லும் என்ற ஷரத்தைக் காட்டி நம் தரப்பும் வாதாடலாம், வாதாடியிருக்கவும் முடியும். ஆனால் அந்த வாதம் முடிவதற்குள் இரண்டு மாம்பழ சீசன் போய்விடும்.

செப்டம்பரில் என்ன எழுதியிருக்கலாம்? "சரி சார், இந்த மாத லோடை நிறுத்தி வைக்கிறோம். ஜனவரி 31 கெடுவும் அதன் பிறகான கிடங்கு வாடகையும் ஒப்பந்தப்படி அப்படியே தொடர்கின்றன." அவ்வளவுதான். உறவு கெட்டுப்போகும் என்று பயப்பட இதில் என்ன இருக்கிறது? நல்ல மனிதரான அந்த மேலாளர் இதைப் படித்துவிட்டு "ஓகே" என்றுதான் பதில் போட்டிருப்பார். இந்த ஒற்றை வரியை எழுதாததற்குத்தான் ஃபாக்டரி பல லட்சம் கொடுத்தது என்பது என் முடிவு.

இன்னொன்று. அந்தச் செய்திகளில் பாதி, மகன் ஃபோன் மாற்றியபோது போய்விட்டன. வாட்ஸ்அப் செய்தி சாட்சியமாகச் செல்லும்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி அதற்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யச் செய்தி இருந்தால்தானே? முக்கியமான பேச்சு எதுவானாலும் அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம்

ஒவ்வொரு லோடுக்கும் வாங்கியவர் தனியாக ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பினார். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அவர்களுடைய வழக்கமான நிபந்தனைகள் அச்சாகியிருந்தன: பணம் 60 நாளில், தரக் குறையை 60 நாள் வரை சொல்லலாம். ஃபாக்டரியில் ஒவ்வொரு முறையும் முன்பக்கத்து அளவையும் விலையையும் மட்டும் பார்த்து, சீல் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தத்துக்கும் பர்ச்சேஸ் ஆர்டருக்கும் முரண் வந்தால் எது மேலோங்கும் என்று அந்தப் பதினான்கு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. மார்ச்சில் வந்த நிறப் புகார் இந்தப் பின்பக்கத்தை நம்பித்தான் வந்தது. ஒப்பந்தப்படி 7 நாள் எப்போதோ முடிந்துவிட்டது, 60 நாள் முடியவில்லை.

பணம் கொடுக்கும் கெடு விஷயத்தில் அந்தப் பின்பக்கம் செல்லாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், என்ன எழுதிக்கொண்டாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. தாமதித்தால் 16-ஆம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வந்த நாளிலேயே ஏற்றதாகக் கணக்கு. தகராறு என்றால் விற்பவர் இருக்கும் இடத்து வசதி மன்றத்துக்கு (இந்தத் தகராறுகளுக்காக மாநில அரசு அமைத்த மன்றம்) போகலாம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. ஒப்பந்தத்தில் வேறு ஊர் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. போதாததற்கு, வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த ஒரு விதி, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் கழிக்க விடாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

இவ்வளவு பலம் கையில் இருந்தும், 380 டன்னுக்கான பணம் இரண்டு மாதம், இரண்டரை மாதம் கழித்து வந்தபோது ஃபாக்டரி வாய் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை, கணக்காளருக்குத் தெரியும். "கேட்டா அடுத்த வருஷம் ஆர்டர் வராது" என்பதுதான் காரணம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வட்டியைக் கேட்காமல் விட்டுக்கொடுப்பது வேறு, கெடு தாண்டிவிட்டது என்று கூடச் சொல்லாமல் இருப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்கிறது. மார்ச் மாதச் செய்திகள் அத்தனை துணிச்சலாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காப்பாற்றிய நோட்டு

60 டன் நிறப் புகாரில் ஃபாக்டரி ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது ஒப்பந்தத்தை ஒரு முறையும் படிக்காத ஒருவர்: லேப் பார்க்கும் பெண்.

ஒப்பந்தப்படி 12 மாதம் வைத்திருக்க வேண்டிய மாதிரிகள் அப்போது இல்லை. இடம் போதவில்லை என்று பிப்ரவரியில் அலமாரியைக் காலி செய்திருந்தார்கள். மூன்று மாதம் வைத்தால் போதும் என்பது பழைய பழக்கம், யாரும் அவரிடம் 12 மாதம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு நீளமான நோட்டில் டிஸ்பாட்ச் கணக்கு எழுதி வந்தார். தேதி, லாரி எண், பேட்ச் எண், டிரம் எண்ணிக்கை, ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பார்த்த பிரிக்ஸ் (இனிப்பு அளவு), புளிப்பு சதவீதம், நிறம், டிரம் சீல் சரியாக இருக்கிறதா, கடைசிக் கட்டத்தில் டிரைவர் கையெழுத்து. லாரி திரும்பி வரும்போது கொண்டுவரும் டெலிவரி சலான் நகலை, அதே பக்கத்தில் பின் செய்து வைப்பார். ஜனவரி இரண்டாம் வாரத்து நான்கு லோடுக்கும் சலானில் வாங்கியவரின் ஆலை சீல் இருந்தது. கீழே அவர்களுடைய தரக் கட்டுப்பாட்டு ஆள் கையெழுத்து, பக்கத்தில் "சரிபார்த்துப் பெறப்பட்டது". ஒன்றில் அவர்களே பார்த்த பிரிக்ஸ் அளவையும் பேனாவில் எழுதியிருந்தார்கள்.

அந்த நான்கு பக்கத்தை நகலெடுத்து, 15 நாள் விதியைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியதும் நிறப் புகார் நின்றுவிட்டது. 34.8 லட்சம் ரூபாய் விவகாரம் அது.

கணக்கு

மே மாத இறுதியில் சமரசம் ஆனது. மீதி 420 டன் கிலோ 52 ரூபாய்க்குப் போனது. 6 ரூபாய் குறைந்ததில் 25.2 லட்சம் நஷ்டம். நான்கு மாதக் கிடங்கு வாடகை 3.12 லட்சத்தை விட்டுக்கொடுத்தார்கள். அட்வான்ஸ் போக அந்தச் சரக்குக்கு வர வேண்டிய 1.95 கோடி நான்கு மாதம் தள்ளிப்போனதில் 11 சதவீத வங்கி வட்டி 7 லட்சத்துக்கு மேல். ஆக மொத்தம் 35 லட்சம் ரூபாய்க்கு மேல், ஒரு சிறு ஃபாக்டரிக்கு.

இந்த நஷ்டம் ஃபாக்டரியோடு நிற்கவும் இல்லை. ஷெட்டில் பழைய கூழும் கையில் குறைந்த பணமுமாக இருந்த ஃபாக்டரி, அந்த சீசனில் வழக்கத்தைவிடக் குறைவாகவே பழம் வாங்கியது. 2025 கோடையில் பெங்களூரா விலை விழுந்தபோது, முந்தைய வருடக் கூழ் தேங்கிக் கிடந்ததும் காரணம் என்று பேசப்பட்டது நினைவிருக்கும். எங்கோ ஒரு நிறுவனம் டிரம்மை எடுக்காமல் விடுவதன் சுமை கடைசியில் பழத்தை மரத்திலேயே விடுவதா, பறிகூலி கொடுத்துப் பறிப்பதா என்று யோசிக்கும் தோட்டக்காரரிடம் வந்து இறங்குகிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

அடுத்த சீசன்

மாற்றங்கள் பெரிய செலவு வைக்கவில்லை. மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று முதலில் முடிவு செய்தார்கள். அது லேப் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கே போனது, கூடுதல் சம்பளத்தோடு. பதினான்கு பக்கத்தையும் வக்கீலோடு உட்கார்ந்து படித்து, தேதியும் தொகையும் உள்ள ஷரத்துகளை மட்டும் தமிழில் ஒரே தாளில் எழுதி, எடைமேடை அறைச் சுவரில் ஒட்டினார். எடுக்க வேண்டிய மாத அளவு, பணம் வர வேண்டிய நாள், ஆட்சேபக் கெடு, மாதிரி வைக்கும் காலம், கிடங்கு வாடகை தொடங்கும் நாள் எல்லாம் அதில் இருந்தன. கெடு தேதிகளுக்குப் பத்து நாள் முன்பே மூன்று பேர் ஃபோனில் அலாரம் அடிக்கும்.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாங்குபவருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது: இவ்வளவு எடுத்தீர்கள், இவ்வளவு தயாராக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். 44-ஆம் பிரிவு எதிர்பார்க்கும் "கேட்டல்" இதுதான். அப்புறம் ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்த்தார்கள். பர்ச்சேஸ் ஆர்டரோடு முரண் வந்தால் ஒப்பந்தமே செல்லும் என்பது ஒன்று. கெடு தாண்டி 60 நாளில் எடுக்காத சரக்கை வேறு ஆளுக்கு விற்று, விலைக் குறைவை வாங்கியவரிடம் வசூலிக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது வரிக்கு வாங்குபவர் தரப்பில் முணுமுணுப்பு இருந்தது, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மத்தியஸ்த ஊரை மட்டும் மாற்ற முடியவில்லை. பலம் அவர்கள் பக்கம் இருக்கும்போது எல்லாம் கிடைத்துவிடாது.

அக்டோபரில் மறுபடி லோடை நிறுத்தச் சொல்லி செய்தி வந்தது. அன்று மாலையே பதில் போனது, கெடுவையும் வாடகையையும் நினைவூட்டி. ஜனவரி இறுதியில் 110 டன் மீதி இருந்தது. பிப்ரவரி இன்வாய்ஸில் கிடங்கு வாடகையைச் சேர்த்துப் போட்டார்கள், தகராறு இல்லாமல் வந்தது. ஆர்டரும் நிற்கவில்லை.

செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதை மகனிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். இந்த ஃபாக்டரி பழம் வாங்குவது இன்னும் வாய்ப்பேச்சில்தான். தோட்டக்காரரிடம் பறிக்கும் நாளில் ஒரு விலை சொல்லி, லாரி வந்து நின்ற பிறகு "இன்னிக்கு ரேட் இறங்கிடுச்சுண்ணா" என்று குறைப்பதும், கழிவு என்று எடையில் பிடிப்பதும், பணத்தை ஆகஸ்ட் வரை இழுப்பதும் இங்கே எல்லா ஃபாக்டரி வாசலிலும் நடக்கும். மார்ச்சில் தனக்கு நடந்ததைத்தான் ஜூனில் இவரும் செய்கிறார். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. விலையை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துகொள்ள அதில் வழி இருக்கிறது. முதல் கட்டமாகப் பழக்கமான சில தோட்டக்காரர்களோடு ஒரு பக்க ஒப்பந்தம் போட மகன் ஒத்துக்கொண்டிருக்கிறார். குறைந்தபட்ச விலை, கழிவு எத்தனை சதவீதம், எந்த எடைமேடை, எத்தனை நாளில் பணம். தமிழில், தோட்டக்காரர் கையில் ஒரு நகலோடு. வரும் சீசன் தொடங்குவதற்குள் அதை முடித்தாக வேண்டும்.